யோனாஸின் பெயரில் வந்த பதில்கள்

வெண்ணிலா என்ன வேலை பார்க்கிறாள் என்று ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "கம்ப்யூட்டர்ல ஏதோ வெளிநாட்டு வேலைங்க" என்பார் பேக்கரிக்காரர். மாரமங்கலத்தில் காப்பியும் மிளகும் போட்டிருக்கும் அவளுடைய அப்பா மாதேஸ்வரன் மட்டும், "எதை வெச்சுக்கறது, எதை எடுத்தெறியறதுன்னு சொல்ற வேலைங்க" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வெண்ணிலா நடந்ததையெல்லாம் என்னிடம் சொன்ன பிறகு, அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

சம்பளத்துக்கு அவள் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். அப்பா சொல்வது அந்த வேலையை அல்ல. 'ஃபெர்ன்' என்று ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் தெரிகிற திரை, ஜன்னல்கள், மெனு, கோப்புகளை வைக்கிற இடம் எல்லாம் சேர்ந்ததுதான் டெஸ்க்டாப். ஃபெர்னை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்; உள்ளே பிரித்துப் பார்த்து மாற்றவும் செய்யலாம். திறமூலம் என்கிறார்களே, அது. அந்தத் திரையை அடியிலிருந்து தாங்குவது எழுபத்தொரு ஃபிரேம்வொர்க்குகள். எழுத்தை வரைய ஒன்று, பிரிண்டரோடு பேச ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று. ஒவ்வொன்றையும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ எழுதிக் காப்பாற்றி வருகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புது வெளியீடு. அதற்கு முன்னால் எது பட்டியலில் இருக்கலாம், எது வெளியே போகலாம் என்று ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அந்த ஐவரில் வெண்ணிலா ஒருத்தி. பட்டியலில் ஏறிய ஒன்று, யாரும் கேட்காமலேயே லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதனால் அவள் கறாரானவள். குழுவில் அவளுக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர்.

அவள் இதற்குள் வந்தது ஒரு ழகரத்தால். சேலத்தில் எம்.சி.ஏ. முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொழுதுபோக்காக ஃபெர்னின் மெனுக்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் 'ஓரியல்' என்ற ஃபிரேம்வொர்க்கும் அதில் இருந்தது. பார்வையற்றவர்கள் அதை வைத்துத்தான் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவார்கள். அந்தக் குரலுக்கு ழகரம் வரவில்லை. கிழங்கைக் 'கிலங்கு' என்றது. எழுதியவர் யாரென்று தேடினாள். யோனாஸ் லிண்ட் என்று ஒரு நார்வேக்காரர். ஒற்றை ஆள். வடக்குக் கடலோரத்தில் சின்னத் துறைமுக ஊர். அவருக்கு மெயில் போட்டாள்.

ஆறு மாதம் இரண்டு பேரும் அந்த ஒரு எழுத்தோடு மல்லுக்கட்டினார்கள். அவள் வார்த்தைகளைச் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவாள். அவர் கேட்டுத் திருத்துவார். அவருடைய ஆங்கில மெயில்களில் கேப்பிடல் எழுத்தே இருக்காது, எல்லாம் சின்ன எழுத்து. கடைசி வரியில் எப்போதும் வானிலை. அவள் ஏற்காட்டு மலைக்காரி என்று தெரிந்த பிறகு, "இங்கே காற்று. உங்கள் மலையில் மூடுபனியா?" என்று முடிப்பார். அவருடைய குரலை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்தான் அவள் குரலை ஆயிரம் முறை கேட்டிருந்தார்.

பிறகு அவரவர் வேலை. எப்போதாவது ஒரு மெயில். அப்புறம் அதுவும் நின்றுபோனது. திறமூலத்தில் இது சகஜம். ஒருவர் களைத்துப்போவார், கல்யாணம் ஆகும், வேறு வேலைக்குப் போவார்; சொல்லிக்கொள்ளாமல் காணாமல் போவார். யோனாஸும் அப்படித்தான் என்று வெண்ணிலா நினைத்தாள். வெங்கடேஷைக் கட்டிக்கொண்டு, ஏற்காட்டுக்கே திரும்பி வந்து, ஒண்டிக்கடைக்குக் கீழே சரிவில் ஒரு மாடி வீட்டில் குடியேறினாள். வெங்கடேஷ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காலையில் அவன் கிளம்பிப் போனதும் வீடு அவளுக்கும் மூடுபனிக்கும்தான்.

2024 ஆகஸ்ட். அடுத்த வெளியீட்டுக்கான பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரியலில் நின்றாள். மூன்று வருடத்துக்கு மேலாக அதை யாரும் தொடவில்லை. நாற்பத்தாறு குறைகள் பதிவாகியிருந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று இருந்தது. தமிழ் அவ்வளவு சரியாக வராது. ஆனால் ஆறு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். மனசு கேட்கவில்லைதான். இருந்தாலும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, குழுவில் எல்லோருக்கும் போகும் பொது மடலில் எழுதினாள்: 'ஓரியலைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். பராமரிக்க ஆள் இல்லை.'

அடுப்பில் வைத்த பாலை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். பதினோரு நிமிடத்தில் பதில் வந்திருந்தது.

"நான் இங்கேதான் இருக்கிறேன். கொஞ்ச நாள் அமைதியாக இருந்துவிட்டேன். இங்கே காற்று. உங்கள் மலையில் மூடுபனியா?"

சின்ன எழுத்து. யோனாஸ் லிண்ட்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. "ஏனுங்க, யோனாஸ் திரும்பி வந்துட்டாருங்க" என்று வெங்கடேஷுக்குப் போன் போட்டுச் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் ஜன்னலைப் பார்த்தாள். மூடுபனி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே ரோட்டில் போகும் பஸ்ஸின் சத்தம் மட்டும் வந்தது. பஸ் தெரியவில்லை. மூன்று வருடம் வாய் திறக்காத மனிதர், தன்னைத் தூக்கிவிடலாம் என்று சொன்ன பதினோராவது நிமிடத்தில் வந்து நிற்கிறார். அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த ஆறு வாரத்தில் நாற்பத்தாறு குறைகளும் தீர்ந்தன. யோனாஸ் தூங்குவதே இல்லையோ என்று குழுவில் வியந்தார்கள். எந்த நேரத்தில் கேட்டாலும் சில நிமிடத்தில் பதில். தலைமைப் பொறுப்பில் இருந்த அமேலி என்ற பிரெஞ்சுக்காரப் பெண், "உன் கத்தரிக்கோலைப் பார்த்துப் பயந்துவிட்டார் போல" என்று வெண்ணிலாவைக் கேலி செய்தாள். ஓரியல் பட்டியலிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. வெண்ணிலாவும் கை தூக்கினாள்.

வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை அவள் எப்போதும் ஞானசுந்தரியிடம் கொடுப்பாள். ஞானசுந்தரி ஒண்டிக்கடைக்கு அந்தப்பக்கம் ஒரு லாட்ஜில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. வயது நாற்பத்தைந்து. யார் ரூம் கேட்டுப் போன் செய்தாலும் அவளே எடுத்து, கம்ப்யூட்டரில் அவளே பதிவு செய்துவிடுவாள். எட்டு வருடமாக அவள் காதில் பேசுவது ஓரியல்தான். சோதனைப் பதிப்பு ஏதாவது சொதப்பினால், லாட்ஜில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வெண்ணிலாவைத் திட்டுவாள்.

அக்டோபர் மாதம், புதுப் பதிப்பைப் போட்டுக் கொடுத்த நாலாம் நாள், ஞானசுந்தரி போன் செய்தாள். "கண்ணு, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்றாள். குரலில் திட்டு இல்லை.

மதியம் இரண்டு மணி. ஆனால் லாட்ஜ் வரவேற்பறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு மூடுபனி. ஞானசுந்தரி ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இதைக் கேளு. சும்மா ஒரு பேரு அடிக்கறேன்."

அடித்தாள். ஒவ்வொரு எழுத்தையும் குரல் உடனுக்குடன் சொன்னது.

"இப்ப பாஸ்வேர்ட் அடிக்கறேன்."

பாஸ்வேர்ட் அடிக்கும்போது எழுத்தைச் சொல்லாது. ஒவ்வொரு எழுத்துக்கும் 'புள்ளி' என்று மட்டும் சொல்லும். புள்ளி, புள்ளி, புள்ளி என்றது.

"தெரியுதா?"

"என்னங்க்கா? சரியாத்தானே சொல்லுது?"

"சரியாத்தான் சொல்லுது. ஆனா கொஞ்சம் பொறுத்துச் சொல்லுது. பேரு அடிக்கறப்ப இல்லாத தாமசம், பாஸ்வேர்டுக்கு மட்டும் எதுக்கு?" ஞானசுந்தரி தலையைச் சாய்த்தாள். "யாரோ பக்கத்துல மூச்சைப் புடிச்சுட்டு நான் என்ன அடிக்கறேன்னு கேட்டுட்டு, அப்புறமா சொல்ற மாதிரி இருக்குது. நாலு நாளா நொம்ப சங்கடமா இருக்குது கண்ணு. இங்க ரூம்ல யாராச்சும் நிக்கறாங்களான்னு கையை நீட்டி நீட்டிப் பாத்துட்டேன்."

வெண்ணிலா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அளந்தாள். சாதாரண எழுத்துக்குக் குரல் வர ஆகும் நேரம் ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பாஸ்வேர்ட் என்றால் மூன்றில் ஒரு பங்கு. பார்வை இருக்கிற யாரும் கவனிக்கவே மாட்டார்கள். ஆனால் அந்த இடைவெளியில் எதுவோ நடந்துகொண்டிருந்தது. யோனாஸ் எழுதிய மாற்றங்களை எடுத்து வரி வரியாகப் படித்தாள். எல்லாம் சுத்தம். அவள் எழுதியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

இரண்டாம் நாள்தான் அந்தக் கோப்பு கண்ணில் பட்டது. குரலுக்கான ஒலித் துண்டுகளோடு ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. பெயர்: 'மௌனம்'. இரண்டு வார்த்தைக்கு நடுவில் விடும் இடைவெளிக்கான ஒலி என்று குறிப்பு இருந்தது. மௌனத்தை ஒலியாக எழுதினால் வெறும் பூஜ்யங்களாகத்தான் இருக்க வேண்டும். இதில் பூஜ்யங்கள் இல்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள், ஒன்றுமே கேட்கவில்லை. திறந்து பார்த்தாள், உள்ளே நிறைய இருந்தது. காதுக்கு எட்டாத அளவில் மறைத்து வைத்த ஒரு நிரல். பாஸ்வேர்ட் அடிக்கும்போது மட்டும் விழித்துக்கொண்டு, அடிப்பதைக் குறித்து எங்கேயோ அனுப்பும். ஓரியல் பட்டியலில் இருந்தது. வெளியீட்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அதன் பிறகு லட்சக்கணக்கான வீடுகளில் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அவள் உடனே அமேலிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யோனாஸ் இதைச் செய்திருப்பார் என்று அவளால் நம்ப முடியவில்லை. அவருடைய கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்திருக்கலாம். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பழைய மெயில்களை எடுத்து வைத்துக்கொண்டு, புது மெயில்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கையெழுத்தை ஒப்பிடுவது போல.

ஒரு மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டது.

புது மெயில்களில் ஒரு வாக்கியம்கூடப் புதிதில்லை. 'நான் இங்கேதான் இருக்கிறேன்' 2014இல் ஒரு ஜெர்மன்காரருக்கு எழுதியது. 'கொஞ்ச நாள் அமைதியாக இருந்துவிட்டேன்' 2017இல். 'நல்ல கண்டுபிடிப்பு, நாளைக்குள் சரி செய்கிறேன்' 2013, 2015, 2019இல். 'உங்கள் மலையில் மூடுபனியா?' பொது மடலில் அவளுக்கே எழுதியது. பொது மடலில் யோனாஸ் பத்து வருடமாக எழுதியவை அனைத்தும் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. ஆறு வாரமாகக் குழு பேசிக்கொண்டிருந்தது அந்தப் பழைய வாக்கியங்களோடுதான். அவரிடம் புதிதாகச் சொல்ல எதுவுமே இல்லை.

அவள் அவருக்குத் தனியாக ஒரு மெயில் எழுதினாள். 'நாம் இருவரும் ழகரம் சரி செய்தபோது முதலில் சரியாக வந்த வார்த்தை எது? நினைவிருக்கிறதா?' அது பொது மடலில் இல்லாத விஷயம். அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது.

எப்போதும் நிமிடங்களில் வரும் பதில் வரவில்லை. ஒரு பகல் முழுக்க வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, வெங்கடேஷ் பள்ளிக்குப் போன பிறகு வந்தது.

"என் ஊரில் மூடுபனி. எதிர்வீடுகூடத் தெரியவில்லை. தனியாக இருக்கும்போது இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்."

யோனாஸ் இப்படி எழுதியதே இல்லை. வெண்ணிலா இரண்டு முறை படித்தாள். பிறகு தெரிந்துவிட்டது. அது அவள் எழுதியது. லீவுக்கு மாரமங்கலம் வந்திருந்தபோது பொது மடலில், புதிதாகச் சேர்ந்த உற்சாகத்தில் எழுதிய அவளுடைய சொந்த வாக்கியங்கள். ஒரு எழுத்து மாறாமல் அவளிடமே திரும்பி வந்திருந்தன.

எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள். பகல் பத்து மணிக்கு. எதிர்வீடு தெரியவில்லை.

பிறகு அமேலிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "நிஜமான யோனாஸைக் கண்டுபிடி. அவர் குரலில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்குள் நான் பாதுகாப்புக் குழுவை எழுப்புகிறேன்" என்றாள் அமேலி.

ஓரியலின் பழைய கையேட்டின் முதல் பக்கத்தில், 'முதல் குரலைக் கேட்ட என் தங்கை மாரிட்டுக்கு' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஊர், அந்தப் பெயர். ஒரு பகல் தேடி, அந்த ஊர் நூலகத்தில் வேலை செய்யும் மாரிட் லிண்டைப் பிடித்தாள். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் பேசினார்கள். ஐம்பது வயதுப் பெண். மெல்லிய கம்பளிச் சட்டை. பின்னால் ஜன்னலில் சாம்பல் நிறக் கடல்.

"யோனாஸோடு பேச வேண்டும். கொஞ்சம் அவசரம்" என்றாள் வெண்ணிலா.

மாரிட் அவளையே பார்த்தாள். "அண்ணன் இறந்து மூன்றரை வருடம் ஆகிவிட்டது. 2021 பிப்ரவரி. படகு கவிழ்ந்துவிட்டது. உங்களுக்கெல்லாம் யாரும் சொல்லவில்லையா?"

வெண்ணிலா ஆறு வாரமாக நடந்ததை மெதுவாகச் சொன்னாள். மாரிட், அண்ணனுடைய மெயில் முகவரி அவர் சொந்தமாக வாங்கி வைத்திருந்த இணையப் பெயரில் இருந்தது என்றும், சில வருடங்களுக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். பாதுகாப்புக் குழு அன்றைக்கே கண்டுபிடித்தது. 2023 ஜூனில் அந்தப் பெயர் காலாவதியாகி, யாரோ வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவருக்கு யோனாஸின் மெயில் கிடைத்தது. மெயில் கிடைத்தால் மற்ற எல்லாக் கதவும் திறந்துவிடும். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று ஒரு சொடுக்கு போதும். பிறகு ஒரு வருடம் பொறுமையாகக் காத்திருந்து, யாராவது யோனாஸைத் தேடும்வரை சும்மா இருந்திருக்கிறார்கள். தேடியவள் வெண்ணிலா.

வைக்கும் முன் மாரிட் ஒன்று கேட்டாள். "அது உங்களிடம் வானிலை கேட்டதா?"

"கேட்டதுங்க" என்றாள் வெண்ணிலா, தமிழிலேயே. பிறகு சமாளித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்.

மாரிட் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். "எனக்கு ஒரு தடவை அதைப் படித்துக் காட்டுகிறீர்களா?"

வெண்ணிலா படித்துக் காட்டினாள். அவர் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே கணக்கை முடக்கினார்கள். சோதனைப் பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். யார் செய்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. முடக்குவதற்கு இருபது நிமிடம் முன்னால் யோனாஸின் பெயரில் கடைசியாக ஒரு மெயில் வெண்ணிலாவுக்கு வந்தது. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினாள். வெற்று மெயில்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

வெளியீட்டுக்கு நாலு நாள் இருந்தது. ஓரியலை என்ன செய்வது என்று ஐந்து பேரும் கூடினார்கள். பேசாமல் தூக்கிவிடலாம் என்றார்கள் மூன்று பேர். இதைத்தானே ஆகஸ்டில் வெண்ணிலாவே சொன்னாள்? அவள் மட்டும் யோசித்தாள். தூக்கினால் ஞானசுந்தரி நாளைக் காலை எதை வைத்துப் போன் எடுப்பாள்? புதிய ஃபிரேம்வொர்க் 'ஏற்காடு' என்பதையே மூன்று துண்டாகச் சொல்கிறது. கெட்டது கலப்பதற்கு முன்னால் இருந்த பதிப்புக்குத் திரும்பலாம், அதை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றாள். "அப்படியானால் எந்தத் தேதி வரை நல்லது என்று நீயே பார்த்துச் சொல்" என்றாள் அமேலி.

இணையப் பெயர் கைமாறியது 2023 ஜூன். அதற்கு முந்தையது எல்லாம் யோனாஸுடையது. அப்படித்தான் நினைத்துக்கொண்டு பழைய மாற்றங்களைத் திறந்தாள். கடைசி மாற்றம் ஏழே வரி. வார்த்தை முடிவில் வரும் ழகரம் கொஞ்சம் வழுக்குவதைச் சரி செய்திருந்தது. தேதி: 2021 ஏப்ரல் 7.

அவர் கடலுக்குள் போனது பிப்ரவரியில்.

அந்த ஏழு வரியைப் பாதுகாப்புக் குழுவிடம் காட்டினாள். கம்ப்யூட்டரில் தேதியை எப்படி வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம், பின்னால் வந்தவன் செய்திருப்பான் என்றார்கள். சரிதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். மறுநாள் லாட்ஜுக்குப் போய் ஞானசுந்தரியிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். யோனாஸ் இறந்ததைக் கேட்டதும் ஞானசுந்தரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அய்யோ பாவம். நல்ல மனுசன். எனக்குப் பதிலெல்லாம் போட்டாரு."

"உங்களுக்கா? எப்பங்க்கா?"

"கொரோனா சமயத்துல. லாட்ஜு மூடிக் கெடந்துச்சு, ஊட்டுல சும்மா உக்காந்திருந்தேன். 'தமிழ்'னு சொல்றப்ப கடைசி எழுத்து சரியா விழலீன்னு இங்கிலீஷுல தட்டுத்தடுமாறி எழுதிப் போட்டேன். ஈஸ்டருக்கு அடுத்த புதன்கிழமை பதில் வந்துச்சு. 'சரி செய்துவிட்டேன், கேட்டுப் பாருங்கள்'னு."

"எந்த வருசம்?"

"இரு, கேட்டுச் சொல்றேன்." ஞானசுந்தரி பழைய மெயில்களைத் திறந்து அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனாள். ஓரியல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ஒன்றில் நின்றது. யோனாஸ் லிண்ட் என்று அனுப்பியவர் பெயரைச் சொன்னது. பிறகு தேதியைச் சொன்னது. இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஏப்ரல் ஏழு.

அது ஞானசுந்தரியின் பெட்டிக்கு வந்து சேர்ந்த தேதி. அதை நார்வேயிலிருந்து யாரும் மாற்ற முடியாது.

கீழே வானிலை பற்றி ஒரு வரியும் இல்லை. வெண்ணிலா அதைத்தான் முதலில் தேடினாள்.

பாதுகாப்புக் குழுவில் ஒருவர், இணையப் பெயரை வாங்குவதற்கு முன்பே எவனோ உள்ளே புகுந்திருக்கலாம் என்றார். அப்படியானால் ஒரு பார்வையற்ற பெண்ணுக்காக ஒரு ழகரத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் ஏன் சும்மா இருந்தான் என்று வெண்ணிலா கேட்டாள். மாரிட்டிடமும் கேட்டாள். அண்ணனுடைய கம்ப்யூட்டர் படகோடு போய்விட்டது, வீட்டில் வேறு இல்லை என்றாள் மாரிட். அதற்கு மேல் விசாரிக்க யாரும் இல்லை.

ஆனால் முடிவு ஒன்று எடுத்தாக வேண்டும். அந்த ஏழு வரி பட்டியலுக்குள் போகலாமா, கூடாதா? எழுதியவர் யாரென்று தெரியாத ஒரு வரியையும் உள்ளே விடக்கூடாது என்பது அவள் பத்து வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் சட்டம். ஒரு பகல் முழுக்க அந்த ஏழு வரியோடு உட்கார்ந்திருந்தாள். தலைகீழாகப் பார்த்தாள். வெட்டி ஒட்டிப் பார்த்தாள். அதில் ஒரு கெடுதலும் இல்லை. 'தமிழ்' என்று சொல்ல வைத்துக் கேட்டாள். எழுத்து அழகாக விழுந்தது.

வைத்துக்கொண்டாள். குழுவுக்கு எழுதிய குறிப்பில், 'எழுதியவர்: உறுதியாகத் தெரியவில்லை. சரிபார்த்தவர்: வெண்ணிலா மாதேஸ்வரன்' என்று போட்டாள். அமேலி அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள்.

ஓரியல் இப்போது வெண்ணிலாவின் பொறுப்பில் இருக்கிறது. கூட இரண்டு பேர். ஒவ்வொரு பதிப்பும் வெளியாகும் முன் ஞானசுந்தரி காதில் கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். அவள் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. அதைக் கேட்டு அவள், "அப்ப இனிமே உன்னைத் திட்டறதுக்கு எனக்கு அதிகாரம் வந்துருச்சு" என்றாள்.

வெண்ணிலா கொண்டுவந்த புதுச் சட்டம் ஒன்றுதான். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் மனிதர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குழுவில் யாரிடமாவது வாயால் பேச வேண்டும். எழுத்து செல்லாது. முதல் தடவை ஓரியல் போக மீதி எழுபது பேருக்கும் அவளே போன் செய்தாள். மூன்று வாரம் ஆனது. வெங்கடேஷ், "உசுரோட இருக்கீங்களான்னு கேக்கறதுக்கு ஒரு வேலையா?" என்று சிரித்தான். பலர் சந்தோஷப்பட்டார்கள், இத்தனை வருடத்தில் தங்களிடம் யாருமே பேசியதில்லை என்றார்கள். ஒருவர் அழுதார். நாலு பேர் கிடைக்கவே இல்லை.

இன்னொரு எண்ணில் எடுத்தார்கள். படத்தைச் சுருக்கும் ஃபிரேம்வொர்க்குக்காரர். மெயிலில் தினமும் கலகலப்பாகப் பேசுகிறவர். வெண்ணிலா தன் பெயரைச் சொன்னாள். அந்தப்பக்கம் பதில் இல்லை. மறுபடியும் சொன்னாள். லைன் அறுந்திருக்கவில்லை, யாரோ இருந்தார்கள். அரை நிமிடம் அவளும் ஒன்றும் பேசாமல் காதில் வைத்திருந்தாள். பிறகு மெதுவாக வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து மெயில் வந்தது. 'மன்னிக்கவும், தொண்டை கட்டிவிட்டது.'

அன்று மதியமே அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். நிஜமாகவே தொண்டை கட்டியிருந்தால் பாவம்தான் என்று என்னிடம் சொன்னாள். ஆனால் எடுத்துவிட்டாள்.